கதவு எண் இல்லாத இடம்

நிஸ்வா கேம்ப், ஓமன்
5.10.2001

பிரியமுள்ள தங்கச்சி ஜெயத்துக்கு,

அண்ணன் ராயப்பராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். அங்கே நீ, உன் மதினி ஐரின், என் செல்லம் லிடியா மூன்று பேரும் சுகம்தானா? உன் ஒற்றைத் தலைவலி விட்டதா?

நீ அனுப்பிய போட்டோ வந்தது. அப்பா கல்லறை நான் நினைத்ததைவிட நன்றாக அமைந்துவிட்டது. கறுப்புக் கல்லில் 'ஞானதாஸ், ஆசிரியர்' என்று வெட்டியிருப்பதைக் கேம்பில் எல்லோருக்கும் காட்டினேன். கீழே 'கட்டியது: மகன் ராயப்பராஜ்' என்று இருப்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. தலைமாட்டில் ரெண்டு பக்கமும் நான் கேட்ட சிமெண்டுப் பூச்சாடிகளையும் கொத்தனார் அம்சமாக வைத்துவிட்டார்.

கல்லறைத் திருநாள் வருகிறது. நம் ஆட்களைத்தான் தெரியுமே. நவம்பர் ரெண்டாம் தேதி மெழுகுவர்த்தி கொளுத்தி, பூப் போட்டு, சாமியாரை மந்திரிக்கச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வருசம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சருகாகக் கிடக்கும். நம் அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாது. நவம்பர் முழுக்க ஆத்துமாக்களின் மாதம். மாதம் பூராவும் அந்த ரெண்டு சாடியிலும் தண்ணீர் குறையக் கூடாது, செவ்வந்தி வாடக் கூடாது. இதை என் நேர்ச்சை என்றே வைத்துக்கொள்.

கொசு விரட்டும் உத்தியோகம் எப்படிப் போகிறது? ஊரில் ஒரு கொசுவாவது உன்னைப் பார்த்துப் பயப்படுகிறதா? இங்கே போன் மாதம் ஒரு முறைதான், அதுவும் பின்னால் வரிசையில் நிற்கிறவன் இருமிக்கொண்டே இருப்பான். அதனால் எல்லாவற்றையும் கடிதத்தில் விவரமாக எழுது. அடியில் லிடியாவைப் படம் போடச் சொல்.

உன் அண்ணன்,
ராயப்பராஜ்


அமலி நகர், திண்டுக்கல்
22.10.2001

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயமேரி வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மதினிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. லிடியாவுக்கு முன்பல் ரெண்டும் விழுந்து பொக்கை வாயோடு சிரிக்கிறாள். என் தலைவலி என்னோடுதான் போகும், அதைக் கேட்காதீர்கள்.

கொசு பயப்படுகிறதா என்று கேட்டீர்கள். அண்ணே, நான்தான் இப்போது பயப்படுகிறேன். டெங்கு என்று ஒரு புதுக் காய்ச்சல் வந்திருக்கிறது. அதைக் கொண்டுவரும் கொசு பகலில் கடிக்கும். சாக்கடைப் பக்கம் போகாது, நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். நம் ஊரில் நல்ல தண்ணீரைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? நீங்கள் போகும்போது இந்த இடமெல்லாம் செவ்வந்தித் தோட்டம். இப்போது பிளாட் போட்டு முந்நூறு வீடு வந்தாயிற்று. ரோடு வரவில்லை, குழாய் வரவில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு வீடு தொட்டி, டிரம், அண்டா, குண்டா என்று நிறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு நான் அறுபது வீடு பார்க்கணும். கதவு எண் வாரியாக நோட்டு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூடாத பாத்திரமாக இருந்தால், உள்ளே எட்டிப் பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் 'புழு உண்டு' என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதினால்தான் ஆட்கள் பயந்து மூடி வாங்குகிறார்கள். எங்கள் சுகாதார ஆய்வாளர் பீர் முகமது சாருக்கும் இது தெரியும். கண்டும் காணாமல் இருப்பார்.

நேற்று கருப்பம்மாளோடு பெரிய சண்டை. உங்களுக்கு அவளைத் தெரியாது. கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பூக் கட்டி விற்கிறாள். இந்த பிளாட்டுகளில் பாதி அவள் புருசன் சோலைமலையின் தோட்டமாக இருந்தது. விற்றுத் தின்ற பிறகு லோடு ஏற்றப் போகிறார். வீட்டில் ஒரே ஒரு நீல டிரம், அதற்கு மூடி இல்லை. கவிழ்க்கப் போனேன். ரெண்டு கையாலும் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பம்புசெட்டுல இருந்து இடுப்பொடியச் சொமந்த தண்ணி நர்சம்மா. கொட்டுறதுன்னா என் தலையில கொட்டிட்டுப் போங்க."

நான் நர்சும் இல்லை, விடுகிற ஆளும் இல்லை. கொட்டிவிட்டு, நோட்டில் 'டிரம், புழு உண்டு' என்று எழுதிக்கொண்டு வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

உங்கள் நேர்ச்சைக்கு வருகிறேன். நான் காலையில் போனால் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறேன். தினமும் கல்லறைக்குப் போக எனக்கு ஏது நேரம்? கருப்பம்மாள் மகள் தீபாவுக்குப் பத்து வயசு. லிடியா படிக்கும் அதே பள்ளிக்கூடம்தான். சண்டை பெரியவர்களுக்குத்தானே, பிள்ளைகள் ரெண்டும் ஒட்டிக்கொண்டே திரியும். பூவைக் கருப்பம்மாளிடமே வாங்கி, தண்ணீர் ஊற்றத் தீபாவைச் சொல்லிவிட்டால் அவள் கோபமும் தணியும் என்று நினைக்கிறேன்.

தங்களன்புத் தங்கை,
ஜெயமேரி

(லிடியா போட்டிருப்பது ஒட்டகம். ஆடு இல்லையாம்.)


அமலி நகர், திண்டுக்கல்
7.11.2001

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெயமேரி. உங்கள் இருமல் எப்படி? மதினி அனுப்பிய திப்பிலிப் பொடி கிடைத்ததா? இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி வந்தாலும் நாங்கள் சுகம்.

திருநாள் நன்றாக நடந்தது. நம் கல்லறையைப் பார்த்துவிட்டு நாலைந்து வீட்டுக்காரர்கள் அதே மாதிரி சாடி வைக்கச் சொல்லிக் கொத்தனாரைப் பிடித்திருக்கிறார்கள். உங்களுக்குத் தலை கனத்துப் போகும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். சாடி இல்லாதவர்கள் டின்னிலும் வெட்டிய பாட்டிலிலும் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்திருக்கிறார்கள். தோட்டமே மஞ்சளாக இருக்கிறது.

தீபா சொன்ன சொல் தவறுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சின்னக் குடத்தோடு போய்ச் சாடி ரெண்டையும் விளிம்பு வரை நிரப்பிவிடுகிறாள். "தாத்தாவுக்கு நானும் ஊத்துவேன்" என்று லிடியாவும் கூடவே ஓடுகிறாள். தீபாவுக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு ரிப்பனை வெட்டி ஆளுக்குப் பாதியாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தெற்குத் தெருவில் ரெண்டு பேருக்குக் காய்ச்சல். நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் லிடியா நெற்றியைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். "அத்தை, சுடல" என்று அவளே சொல்லிவிடுவாள்.

தங்கை,
ஜெயமேரி


நிஸ்வா கேம்ப்
20.11.2001

என் தங்கச்சி ஜெயத்துக்கு அண்ணன் எழுதுவது.

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். இருமல் நின்றுவிட்டது, பொடி கொண்டுவந்தவனுக்குத்தான் இப்போது இருமல்.

உன் கடிதத்தைப் படித்துச் சந்தோசத்தில் ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. மஞ்சளாக இருக்கும் தோட்டத்தைக் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. நவம்பரோடு நிறுத்த வேண்டாம் ஜெயம். கிறிஸ்துமஸ் வரை தொடரட்டும். அந்தப் பிள்ளை தீபாவுக்குப் பண்டிகைக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்துக் கொடு.

மதுரைக்காரன் ஒருவன் ஊர்ப் பேப்பர் கொண்டுவந்தான். நம் பக்கம் காய்ச்சலில் சின்னப் பிள்ளைகள் அவதிப்படுவதாகப் போட்டிருக்கிறது. நீ எழுதும்போது பாதியை விழுங்கிவிட்டு எழுதுகிறாயோ என்று சந்தேகம். லிடியாவை அந்தத் தெருப் பக்கமெல்லாம் விடாதே. கண்ட வீட்டில் தண்ணீர் குடிக்க விடாதே. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அண்ணன்,
ராயப்பராஜ்


மதுரை
8.12.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். வேலை விசயமாக ஒரு பயிற்சிக்கு மதுரை வந்திருக்கிறேன். மதினியும் லிடியாவும் கூட வந்திருக்கிறார்கள், ஊர் பார்க்க. லிடியாவுக்கு லேசாகச் சளி. அதனால் இந்தத் தடவை படம் போடவில்லை.

இங்கே நல்ல வெயில். பயிற்சி முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன். மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொன்னேன்.

ஜெயமேரி


நிஸ்வா கேம்ப்
19.12.2001

ஜெயம்,

உன் கடிதத்தை ஏழெட்டு தடவை படித்துவிட்டேன். மழை மாதத்தில் மதுரையில் நல்ல வெயில் என்கிறாய். பள்ளிக்கூடம் நடக்கும்போது ஊர் பார்க்கப் பிள்ளையைக் கூட்டி வந்தேன் என்கிறாய். உன் கையெழுத்து அப்பா கையெழுத்து மாதிரி நேராக இருக்கும். இதில் ஒவ்வொரு வரியும் கீழே இறங்குகிறது.

நேற்று பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். ஐரின் வந்தாள். "எல்லாரும் சொகமாத்தான் இருக்கோம்" என்றாள். "லிடியாகிட்ட குடு" என்றேன். "தூங்குறா" என்றாள். இங்கே பகல் என்றால் அங்கேயும் பகல்தான், அது எனக்குத் தெரியாதா? அதற்குள் பின்னால் நின்றவன் இருமிவிட்டான்.

என் பிள்ளை இருக்கிறாளா? அதை மட்டும் சொல். இருக்கிறாள் என்றால் அவள் கையால் ஒரு கோடாவது போட்டு அனுப்பு. லீவு கேட்டிருக்கிறேன், மார்ச்சுக்கு முன்னால் இல்லை என்கிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை. கடிதப் பை வரும் வேன் சத்தம் கேட்டாலே வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

அண்ணன்


அமலி நகர், திண்டுக்கல்
31.12.2001

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

லிடியா இருக்கிறாள். முதலில் அடியில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள். அந்தப் படம் ஊசி போட்ட டாக்டராம். கொம்பு வைத்திருக்கிறாள்.

உங்களிடம் பொய் சொன்னேன். டிசம்பர் மூணாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அஞ்சாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. மதினி சந்தோசப்பட்டு ரசம் வைக்கப் போனாள். இந்த நோயில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லிடியா கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். மூணு நாள் சலைன். அந்த மூணு நாளும் அவள் நாடியை விட்டு நான் கை எடுக்கவில்லை. உங்களுக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது? நீங்கள் அங்கே தனியாக இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்? பயம்தான் அண்ணே. அந்தக் கடிதத்தை எழுதியது பயம்தான்.

பதினாலாம் தேதி வீட்டுக்கு வந்தோம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், அடம் பிடிக்கிறாள்.

தீபா போய்விட்டாள். லிடியாவுக்கு மறுநாள் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. எட்டாம் தேதி விட்டிருக்கிறது. சரியாகிவிட்டது என்று கருப்பம்மாள் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் பிள்ளை கண்ணை மூடிவிட்டது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய நான் மதுரையில் இருந்தேன்.

எங்கிருந்து வந்தது என்று மேலே கேட்டார்களாம். பீர் முகமது சார் என் நோட்டைப் புரட்டி, அக்டோபரில் நான் எழுதியதை எடுத்துக் கருப்பம்மாள் வீட்டு டிரம் என்று அறிக்கை அனுப்பிவிட்டார். கல்லறைச் சாடிகளில் இப்போது பூ வைப்பதில்லை. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

புது வருசத்தில் ஆண்டவர் நம்மைக் காப்பாற்றட்டும்.

ஜெயமேரி


நிஸ்வா கேம்ப்
12.1.2002

என் பிரிய தங்கச்சிக்கு,

கொம்பு வைத்த டாக்டரைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேம்பில் எல்லோருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்டேன். நீ என் பிள்ளையை எமன் வாயில் இருந்து பிடுங்கி வந்திருக்கிறாய். பொய் சொன்னதை மன்னித்தேன், ஆனால் இனிமேல் சொல்லாதே.

ஆனால் அந்தப் பொம்பளையை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. அக்டோபரிலேயே நீ படித்துப் படித்துச் சொன்னாய். தெருவுக்கு முன்னால் டிரம்மைக் கட்டிப் பிடித்தாளே! பெற்ற பிள்ளையையும் வாரிக் கொடுத்துவிட்டு, என் பிள்ளையையும் கொல்லப் பார்த்தாள். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சாக முடியுமா? பிளாட் சங்கத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். சுவர் ஓரம் இருக்கும் கொட்டகையை எடுக்க வேண்டும், இந்த மாதிரி ஆட்களை லாரித் தண்ணீர் வரிசையில் விடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஆய்வாளர் அனுப்பிய அறிக்கையையும் சொல்லியிருக்கிறேன்.

சாடியில் ஏன் பூ வைப்பதில்லை? அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் வேறு ஆள் பாரேன்.

அண்ணன்,
ராயப்பராஜ்


அமலி நகர், திண்டுக்கல்
27.1.2002

அண்ணனுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்தை மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரும் இல்லாத இடத்தில் வைத்துப் படியுங்கள்.

சங்கத்துக்காரர்கள் உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தார்கள். கருப்பம்மாள் குடத்தோடு வந்தால் லாரி வரிசையில் யாரும் இடம் விடுவதில்லை. சோலைமலை மூணு வயசு மகன் மோகன்குமாரைத் தூக்கிக்கொண்டு எரியோட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். "தண்ணிய மூடத் தெரியாதவகிட்ட இவனையும் விட்டுட்டுப் போகவா" என்று நடுத்தெருவில் நின்று கேட்டாராம். அவள் அந்த டிரம்மை அம்மிக் குழவியால் உடைத்துப் போட்டுவிட்டாள். இப்போது வீட்டில் சொட்டுத் தண்ணீர் வைத்துக்கொள்வதில்லை. தாகம் எடுத்தால் பம்புசெட்டுக்கு நடந்து போய்க் குடித்துவிட்டு வருகிறாள். நேற்று வழியில் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றாள், ஏதோ என்னிடம் தப்பு செய்தவள் போல.

அது அவள் தண்ணீர் இல்லை அண்ணே.

டிசம்பர் பதினஞ்சாம் தேதி, லிடியாவைக் கொண்டுவந்து சேர்த்த மறுநாள், அப்பாவிடம் நன்றி சொல்லக் கல்லறைக்குப் போனேன். பூ அழுகியிருந்தது. எடுத்துப் போடலாம் என்று குனிந்தேன். ரெண்டு சாடியிலும் கொசுப்புழு நெளிந்தது. எண்ண முடியாது, அம்புட்டு. பக்கத்துக் கல்லறைகளின் டின்னிலும் அதேதான். ஒரு மாதம் விளிம்பு வரை நிரப்பி நிரப்பி வைத்த தண்ணீர், ஒரு தடவைகூடக் கவிழ்க்காத தண்ணீர். சாயங்காலம் போய்க் குனிந்து ஊற்றியவர்கள் அந்த ரெண்டு பிள்ளைகள்.

கருப்பம்மாள் டிரம் ரெண்டு நாளில் காலியாகிவிடும். புழு கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அவ்வளவு நாள் தண்ணீர் நிற்கிற அளவுக்கு அவள் வீட்டில் என்றைக்கு இருந்தது? இது எனக்குத் தெரியும், இதுதான் என் வேலை. அன்று அவள் டிரம்மை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூடி இல்லை, எழுதிவிட்டேன். கல்லறைத் தோட்டத்தை யாருமே பார்க்கவில்லை. அதற்குக் கதவு எண் கிடையாது. எங்கள் நோட்டில் கதவு எண் இல்லாத இடம் வராது. நானே பூ வாங்கிக் கொடுத்த இடம், நானே தீபாவை அனுப்பிய இடம். ஊர்த் தண்ணீரை எல்லாம் கவிழ்த்தவளுக்கு அந்தச் சாடித் தண்ணீர் தண்ணீராகவே படவில்லை.

சாடிகளைக் கவிழ்த்து, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துவிட்டு வந்து கையைக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றோடு நாற்பத்து மூணு நாள்.

இனி என்னால் முடியாது. என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள்.

ஜெயமேரி


நிஸ்வா கேம்ப்
7.2.2002

ஜெயம்,

படித்தேன். நீ சொன்னபடி யாரும் இல்லாத இடத்தில் வைத்துத்தான்.

சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். சொன்னால் உன் வேலை போகும். சோலைமலை சும்மா இருப்பானா? அவன் வந்து வாசலில் நின்றால் வீட்டில் மூன்று பொம்பளைகள், கேட்க ஒரு ஆண்பிள்ளை இல்லை. அப்பா முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ஒரு பிள்ளை சாவுக்கு அவர் கல்லறை காரணம் என்று ஊர் சொல்லணுமா? இடித்துப் போடு என்பார்கள். லிடியா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவாள்?

தண்ணீர் ஊற்றச் சொன்னவன் நான். கிறிஸ்துமஸ் வரை ஊற்று என்று சொன்னவனும் நான்தான். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. செத்த பிள்ளை எதைச் சொன்னாலும் திரும்பி வராது. நான் மார்ச்சில் வருகிறேன். அவர்களுக்கு வேண்டியதைச் செய்யலாம். அதுவரை வாயைத் திறக்காதே.

அண்ணன்


அமலி நகர், திண்டுக்கல்
24.2.2002

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஜெயமேரி எழுதுவது.

மதினியும் லிடியாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். நீங்கள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எல்லாம் நான் பயந்தவைதான். மார்ச் வரை பொறுத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் புதன்கிழமை பம்புசெட்டு பாதையில் கருப்பம்மாள் மயங்கி விழுந்து கிடந்தாள். தூக்கி உட்காரவைத்து என் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தேன். பாட்டிலை வாங்கியவள் குடிக்கவில்லை. மூடியைத் திருகித் திருகி இறுக்கி மூடிக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன்.

மூடியைத் திருகுவதை நிறுத்தினாள். "எந் தண்ணி இல்லையா நர்சம்மா?" என்றாள். இல்லை என்றேன். "நெசமாவே எந் தண்ணி இல்லையா?" மறுபடியும் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். பிள்ளை செத்த அன்றுகூட இவள் அழவில்லை என்று தெருவில் குறை சொன்னார்கள் அண்ணே. அழுது முடித்து என் சேலையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "தண்ணி ஊத்த எம் புள்ளதானா கெடச்சா ஒங்களுக்கு?" நான் கையை விலக்கவில்லை. கடைசியில் அவளே விட்டுவிட்டாள். "இத எம் புருசன்கிட்ட வந்து சொல்லுவீகளா?" என்று கேட்டாள்.

மறுநாள் பீர் முகமது சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேல போயிரும்மா" என்றார். பிறகு அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். நான் கவிழ்த்துவிட்ட நம் சாடி தவிர இன்னும் முப்பத்தொரு கல்லறையில் புழு இருந்தது. என் நோட்டை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையில் இருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

நேற்று எரியோட்டுக்குப் போனேன். சோலைமலை கத்திரித் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தார். களைவெட்டியைக் கீழே போடாமலேயே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அதன் இரும்பைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் வரப்பில் உட்கார்ந்தார். மோகன்குமார் வந்து மடியில் ஏறினான்.

"நடுத்தெருவுல வச்சு அவளச் சொன்னேனேம்மா" என்றார். அப்புறம், "எழுத்துல குடுங்க" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கும் படிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெருவுல உள்ளவுகளுக்குத் தெரியும்ல. வாயில சொன்னா நாளைக்கி மாத்திச் சொல்லுவாக. யாரு தண்ணின்னு பேரு போட்டு எழுதணும். பேரு இல்லேன்னா மறுபடியும் எங்க தண்ணிம்பாக."

அவர் அக்கா வீட்டுப் பிள்ளையின் நோட்டில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். அதோடு அவரும் மகனும் என் கூடவே பஸ் ஏறினார்கள். இன்று காலை தண்ணீர் லாரி நிற்கும் இடத்துக் கரண்டுப் போஸ்டில் அந்தத் தாளைச் சோலைமலை ஒட்டினார். குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் படித்தார்கள். நானும் வரிசையில்தான் நின்றேன். ஒருவரும் என்னிடம் பேசவில்லை. கருப்பம்மாள் குடத்தோடு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

அண்ணே, அந்தத் தாளில் அப்பா பேர் இருக்கிறது. கல்லறை கட்டிய மகன் என்று உங்கள் பேரும் இருக்கிறது. மறைக்க முடியவில்லை, மன்னியுங்கள். தீபாவைத் தண்ணீர் ஊற்ற அனுப்பியவள் என்று என் பேர் இருக்கிறது. அதைத்தான் முதலில் எழுதினேன்.

தங்கை,
ஜெயமேரி